குறி கடைசியில் வரும் கணக்கு

2019 ஜூலை மாதக் கடைசியில் ட்விட்டரில் ஒரு கணக்கு தீயாகப் பரவியது: 8 ÷ 2(2 + 2). ஒரு கட்சி 16 என்றது, மறு கட்சி 1 என்றது. இரண்டு கட்சியும் பள்ளிக்கூடத்தில் படித்த போட்மாஸ் விதியைத்தான் சாட்சிக்கு அழைத்தன. கார்னெல் பல்கலைக்கழகக் கணிதப் பேராசிரியர் ஸ்டீவன் ஸ்ட்ரோகாட்ஸ் நியூயார்க் டைம்ஸில் கட்டுரை எழுதும் அளவுக்குச் சண்டை முற்றியது. சண்டை போட்டவர்கள் யாருக்கும் பெருக்கல் வகுத்தல் தெரியாமல் இல்லை. கணக்கை எழுதிய விதத்தில்தான் கோளாறு.

அதே சங்கதியை 8 2 ÷ 2 2 + × என்று எழுதியிருந்தால் விடை 16. வேறு விடைக்கு வழியே கிடையாது. 1 தான் வேண்டும் என்றால் 8 2 2 2 + × ÷ என்று எழுத வேண்டும். இரண்டில் எது என்பதை எழுதுகிறவர் முதலிலேயே முடிவுகட்டியாக வேண்டும்; வாசிக்கிறவர் தலையில் கட்டிவிட்டுப் போக முடியாது. அடைப்புக்குறி இல்லை, எந்தக் குறிக்கு முன்னுரிமை என்ற பஞ்சாயத்து இல்லை. இதற்குத் தலைகீழ் போலிஷ் குறிமுறை என்று பெயர். எண்களை முதலில் சொல்லிவிட்டு, அவற்றை என்ன செய்வது என்பதைக் கடைசியில் சொல்லும் முறை.

முதன்முறை பார்க்கிறவருக்கு இது அச்சுக்கோப்பவர் கைதவறிக் கொட்டிய எழுத்துகள் போலத்தான் தெரியும். 3 + 4 என்பதில் கண் நடுவே இருக்கும் குறியைப் பார்த்துவிட்டு இரு பக்கமும் திரும்புகிறது. 3 4 + என்பதிலோ மூன்று வருகிறது, நான்கு வருகிறது, எதற்காக வந்தன என்று தெரிவதில்லை. பழகாத கண்ணுக்கு இந்தக் காத்திருப்புதான் எரிச்சல்.

வாசிக்கும் வழி என்னவோ மிகச் சுருக்கமானது. பழைய மளிகைக் கடைகளில் ரசீதுகளைக் குத்திவைக்கும் கம்பி ஒன்று கல்லாவுக்குப் பக்கத்தில் நிற்கும். புதிதாக வரும் சீட்டு மேலே போகும். எடுக்கும்போதும் மேலே இருப்பதுதான் முதலில் வரும். எண்ணைக் கண்டால் கம்பியில் குத்த வேண்டும். குறியைக் கண்டால் மேலே இருக்கும் இரண்டு சீட்டுகளை உருவி, அந்தக் குறி சொன்னதைச் செய்து, வந்த விடையைத் திரும்பக் குத்த வேண்டும். கணினிக்காரர்கள் இந்தக் கம்பியை ஸ்டாக் என்பார்கள். அடுக்கு என்று சொன்னாலும் புரியும்.

12 4 2 + ÷ 3 × 5 − என்ற கோவையை எடுத்துக்கொள்ளலாம். 12, 4, 2 மூன்றும் வரிசையாக உள்ளே போகின்றன. முதல் குறி கூட்டல். மேலே இருக்கும் 4-உம் 2-உம் வெளியே வந்து 6 ஆகி உள்ளே போகின்றன. இப்போது அடுக்கில் 12, 6. அடுத்து வகுத்தல்: 12-ஐ 6-ஆல் வகுத்தால் 2. பிறகு 3 வருகிறது, பெருக்கினால் 6. பிறகு 5 வருகிறது, கழித்தால் 1. கோவை முடிந்தபோது அடுக்கில் ஒரே ஓர் எண் மிஞ்சுகிறது, அதுதான் விடை. நடுவில் எங்கும் திரும்பிப் பார்க்க வேண்டியிருக்கவில்லை. பென்சிலும் ஒரு துண்டுத் தாளும் இருந்தால் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகூட இதைச் செய்துவிடும்.

பென்சில் இல்லாமல் வாசிக்கப் பழக ஒரு குறுக்குவழி உண்டு. அது தமிழ் பேசுகிறவர்களுக்கு ஏற்கெனவே தெரிந்தது. (3 + 4) × (5 − 2) என்ற கணக்கை வாயால் சொல்லிப் பார்க்கலாம்: “மூணையும் நாலையும் கூட்டு, அஞ்சிலேர்ந்து ரெண்டைக் கழி, வந்த ரெண்டையும் பெருக்கு.” அந்தச் சொற்களுக்குப் பதிலாக எண்ணையும் குறியையும் வைத்தால் 3 4 + 5 2 − × என்று வரும். வரிசையில் ஓர் இடம்கூட மாறவில்லை. ஆங்கிலத்தில் இதையே கட்டளையாகச் சொன்னால் ‘பெருக்கு’ என்ற வினை முதலில் வந்து நிற்கும், பிறகுதான் எதை எதால் என்பது. எழுதிப் பார்த்தால் × + 3 4 − 5 2. அதுவும் ஒரு முறைதான். தலைகீழாவதற்கு முந்தைய அசல் போலிஷ் முறை அதுவே.

நாம் எல்லோரும் பள்ளியில் படித்த, குறியை நடுவில் வைக்கும் முறை இயற்கை தந்த வரம் ஒன்றுமில்லை. கூட்டல், கழித்தல் குறிகள் அச்சில் முதலில் தோன்றியது யோஹானஸ் விட்மன் எழுதி 1489-இல் லைப்சிக்கில் வெளியான வணிகக் கணக்கு நூலில். கூட்டல் குறி, லத்தீனில் இரு பெயர்களுக்கு நடுவே வரும் ‘எட்’ என்ற இணைப்புச் சொல்லின் சுருக்கெழுத்திலிருந்து வந்தது என்பது பரவலான கருத்து. லத்தீனில் அந்த இணைப்பு நடுவில் நிற்கிறது. குறியும் நடுவில் நின்றுவிட்டது. தமிழில் ‘மூன்றும் நான்கும்’ என்று ‘உம்’ ஒவ்வோர் எண்ணுக்கும் பின்னால் ஒட்டுகிறது. வாய்பாடு சொல்லும்போதோ குறியே கிடையாது: ஈரேழு பதினாலு.

இதை வைத்துக்கொண்டு ‘கணினியின் மொழி தமிழே’ என்று யாரும் மேடை ஏற வேண்டாம். வினையைக் கடைசியில் வைக்கும் மொழிகள் உலகில் ஏராளம். ஜப்பானியம், கொரியம், துருக்கி, இந்தி எல்லாம் அந்த வகைதான். ஜப்பானில் இந்தப் பொருத்தத்தைக் கண்டுகொண்டு ‘மைண்ட்’ என்ற நிரல்மொழியையே உருவாக்கினார்கள். ஜப்பானிய வாக்கியம் போலவே வாசிக்கக்கூடியது. தமிழிலும் முத்து அண்ணாமலை உருவாக்கிய ‘எழில்’ நிரல்மொழி பாதி தூரம் போயிருக்கிறது. நிபந்தனையை எழுதி முடித்த பிறகே அதில் ‘ஆனால்’ வரும். தமிழ் வாக்கியத்தில் வருவது போலவே. கூட்டல் குறியை மட்டும் எல்லோரையும் போல நடுவில் விட்டுவிட்டார்கள்.

மேலும், தமிழ்க் காது ஓரிடத்தில் ஏமாற்றும். ‘எட்டிலிருந்து மூன்றைக் கழி’ என்றாலும் ‘மூன்றை எட்டிலிருந்து கழி’ என்றாலும் தமிழில் பொருள் ஒன்றுதான். எது குறைகிறது, எதிலிருந்து குறைகிறது என்பதை வேற்றுமை உருபு சொல்லிவிடுகிறது. சொற்கள் இடம் மாறினால் பாதகமில்லை. தலைகீழ் போலிஷ் முறையில் எண்களுக்கு உருபு கிடையாது. 8 3 − என்றால் 5. 3 8 − என்றால் −5. முதலில் வந்தது ‘இலிருந்து’, இரண்டாவது வந்தது ‘ஐ’ என்று வாசிப்பவர்தான் மனத்துக்குள் உருபு ஒட்டிக்கொள்ள வேண்டும். வகுத்தலுக்கும் அப்படியே: முதலாவது ‘ஐ’, இரண்டாவது ‘ஆல்’. கற்றுக்கொள்கிறவர்கள் அதிகம் சறுக்குவது இங்கேதான். கூட்டலும் பெருக்கலும் எந்த வரிசையையும் மன்னித்துவிடுவதால் சறுக்கியதே சில நாள் தெரியாது.

இந்த முறையின் மூலவர் யான் வூகாஷேவிச் என்ற போலந்துத் தர்க்கவியலாளர். 1878-இல் அன்றைய ஆஸ்திரிய-ஹங்கேரிப் பேரரசின் லெம்பெர்க் நகரில் பிறந்தவர். அது இன்று உக்ரைனின் லிவிவ். 1919-இல் சுதந்திரப் போலந்தின் கல்வி அமைச்சராகக் கொஞ்ச காலம் இருந்தார், வார்சா பல்கலைக்கழகத்துக்கு இருமுறை தலைமை வகித்தார். அடைப்புக்குறி இல்லாமல் தர்க்க வாக்கியங்களை எழுதலாம் என்ற எண்ணம் 1924-இல் தமக்குத் தோன்றியதாக அவரே குறித்திருக்கிறார். அவருக்குக் கணக்குப் போடுவது நோக்கமே அல்ல. ‘அது உண்மையானால் இது உண்மை’ போன்ற வாக்கியங்கள் ஒன்றுக்குள் ஒன்றாக நாலைந்து அடுக்கு போகும்போது அடைப்புக்குறிகள் புதராக மண்டிவிடும். இணைக்கும் எழுத்தை முன்னால் வைத்தால் புதரே வேண்டாம் என்று அவர் கண்டார். 1939 செப்டம்பரில் ஜெர்மானியக் குண்டுவீச்சில் அவருடைய வீடும் நூலகமும் கையெழுத்துப் படிகளும் எரிந்துபோயின. 1944-இல் வார்சாவை விட்டு வெளியேறியவர், 1946-இல் டப்ளினுக்கு வந்து சேர்ந்து, 1956-இல் அங்கேயே காலமானார்.

அவர் முன்னால் வைத்ததைப் பின்னால் தள்ளியவர்கள் பலர். 1954-இல் அமெரிக்காவில் ஆர்தர் பர்க்ஸும் அவர் கூட்டாளிகள் இருவரும் ஒரு தர்க்க இயந்திரத்துக்காக இதைப் பேசினார்கள். ஜெர்மனியில் ஃப்ரீட்ரிஷ் பவரும் கிளாவுஸ் ஸாமெல்ஸனும் 1957-இல் அடுக்குக் கொள்கைக்குக் காப்புரிமை கேட்டார்கள். இவர்களில் கவனித்துப் பார்க்க வேண்டியவர் சார்லஸ் ஹாம்ப்ளின். சிட்னியில் தத்துவம் கற்பித்தவர். தர்க்கம் படித்தவர் என்பதால் வூகாஷேவிச்சை ஏற்கெனவே வாசித்திருந்தார். அவருடைய பல்கலைக்கழகத்துக்கு 1956-இல் டியூஸ் வகைக் கணினி ஒன்று வந்தது. அதற்கு நிரல் எழுத உட்கார்ந்தவருக்கு ஒரு சங்கடம்: இடைக்கால விடை ஒவ்வொன்றையும் நினைவகத்தில் எந்த எண்ணுள்ள அறையில் வைப்பது என்று மனிதர்தான் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும். குறியைக் கடைசியில் வைத்து ஓர் அடுக்கையும் சேர்த்தால் அறை எண்ணே வேண்டாம். மேலே இருப்பதை எடு என்றாலே போதும். அப்படிப் பிறந்தது ‘ஜார்ஜ்’ என்ற அவருடைய மொழி. தத்துவ நூலில் கிடந்த ஒரு குறிப்பு, இயந்திரத்தின் வயிற்றுக்குள் போனது ஒரு தத்துவ ஆசிரியரின் கைவழியாக. வூகாஷேவிச் இறந்து ஓராண்டில் ஹாம்ப்ளினின் கட்டுரை வெளிவந்தது.

பொதுமக்கள் கைக்கு இது வந்தது 1972-இல், எச்.பி-35 கால்குலேட்டராக. சட்டைப் பையில் அடங்கும் முதல் அறிவியல் கால்குலேட்டர். 395 டாலர் விலை. 35 பொத்தான்கள், அதனால்தான் அந்தப் பெயர். அவற்றில் ‘=’ கிடையாது. பதிலாகப் பெரியதாக ‘என்டர்’ என்று ஒன்று. 3 அடித்து, என்டர் அடித்து, 4 அடித்து, + அடித்தால் 7. என்டர் இல்லாவிட்டால் அது 34 என்று எடுத்துக்கொள்ளும். தாளில் நாம் விடும் இடைவெளிக்குப் பொத்தானில் அதுதான் ஈடு. உள்ளே நான்கே படிகள் கொண்ட அடுக்கு. நான்கு போதுமா என்று கேட்கத் தோன்றும். இருபடிச் சமன்பாட்டின் மூலத்தை வைத்தே சோதித்துப் பார்க்கலாம். கெழுக்களை அ, ஆ, இ என்று கொண்டால்:

ஆ குறிமாற்று ஆ வர்க்கம் 4 அ × இ × − √ + 2 அ × ÷

அடுக்கு எவ்வளவு உயர்கிறது என்று விரல்விட்டு எண்ணலாம். குறிமாற்றிய ஆ ஒன்று, ஆ-வின் வர்க்கம் இரண்டு, 4 மூன்று, அ நான்கு. அங்கே உச்சம் தொட்டு, பெருக்கலில் ஒரு படி இறங்கி, ‘இ’ வந்ததும் மறுபடி நான்காகி, பிறகு ஒன்று வரை இறங்கி, கடைசி 2-க்கும் அ-வுக்கும் மூன்று வரை ஏறி, மறுபடி ஒன்றில் முடிகிறது. நான்கு படிகள் துல்லியமாகப் போதும். இந்தக் கோவையை உரக்க வாசித்தால் கணக்கு ஆசிரியர் கரும்பலகை முன் நின்று சொல்வது போலவே இருக்கும்: ஆ-வின் குறியை மாற்று, ஆ-வின் வர்க்கத்திலிருந்து நாலு அ இ-யைக் கழி, மூலம் எடு, முன்னதோடு கூட்டு, ரெண்டு அ-வால் வகு.

‘குறிமாற்று’ என்று தனியாக ஒரு சொல் இங்கே தேவைப்பட்டதைக் கவனிக்க வேண்டும். பள்ளிக் கணக்கில் ‘−’ இரட்டை வேடம் போடுகிறது: இரண்டு எண்களுக்கு நடுவே நின்றால் கழித்தல், ஒற்றை எண்ணுக்கு முன்னால் நின்றால் எதிர்மறை. தலைகீழ் போலிஷ் முறையில் இந்த வேடம் செல்லாது. ஒவ்வொரு குறியும் எத்தனை எண்களை எடுக்கும் என்பது முன்கூட்டியே நிலைத்திருந்தால்தான் அடைப்புக்குறி இல்லாமல் வாழ முடியும். அதனால் எச்.பி. கால்குலேட்டர்களில் குறிமாற்றுவதற்குத் தனிப் பொத்தான் இருக்கிறது.

இதுவரை சொன்னது இயந்திரம் வாசிக்கும் விதம். மனிதர்களுக்கு ஏற்றது வலமிருந்து இடமாக வாசிப்பது. கோவையின் கடைசிக் குறிதான் முழுக் கணக்கின் தலைவர். 3 4 + 5 2 − × என்பதில் × நிற்பதால் இது மொத்தத்தில் ஒரு பெருக்கல் என்று முதலிலேயே தெரிந்துவிடுகிறது. எதையும் எதையும் பெருக்குகிறது? அதற்கு ஒரு கணக்கு உண்டு. ×-க்கு இடப்பக்கம் நகரும்போது ‘ஒன்று தேவை’ என்று தொடங்க வேண்டும். இரண்டு எண் கேட்கும் குறியைக் கண்டால் தேவையில் ஒன்றைக் கூட்ட வேண்டும். எண்ணைக் கண்டால் ஒன்றைக் குறைக்க வேண்டும். கழித்தல் குறி: தேவை இரண்டு. 2 வந்தது: ஒன்று. 5 வந்தது: சுழியம். ஆக 5 2 − என்பது ஒரு முழுத் துண்டு, அதுதான் இரண்டாவது பெருக்குறுப்பு. மிச்சமிருக்கும் 3 4 + முதலாவது. இப்படித் துண்டாடிக்கொண்டே போனால் எவ்வளவு நீளமான கோவையும் குடும்ப வம்சாவளி போல விரியும்.

அச்சுப்பிழையைக் கண்டுபிடிக்கவும் இதே எண்ணிக்கைதான். எண் ஒவ்வொன்றுக்கும் +1, இரண்டு எண் எடுக்கும் குறி ஒவ்வொன்றுக்கும் −1 என்று இடமிருந்து கூட்டிக்கொண்டே வந்தால் எந்த இடத்திலும் ஒன்றுக்குக் கீழே போகக் கூடாது, முடிவில் சரியாக ஒன்று இருக்க வேண்டும். 3 + 4 என்பது இந்தச் சோதனையில் இரண்டாம் அடியிலேயே விழுந்துவிடும். 3 4 5 + என்பது இரண்டில் முடியும். யாரோ ஒரு குறியை விழுங்கிவிட்டார்கள்.

இவ்வளவு சொன்ன பிறகும் ஒன்றை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். இந்த முறை கணக்குச் செய்வதற்கு எவ்வளவு சுகமோ, வாசிப்பதற்கு அவ்வளவு சுகமில்லை. மேலே சொன்ன இருபடிச் சமன்பாட்டின் மூலம் பாடநூலில் பின்னமாக, மேலே ஒரு மூலக்குறிக் கூரையோடு நிற்கும். பார்த்த மாத்திரத்தில் அது எது என்று தெரியும். ஒரே வரியில் நீட்டிய தலைகீழ் போலிஷ் கோவையில் அந்த முகம் காணாமல் போய்விடுகிறது. வர்க்கமும் 4 அ இ-யும் எதிரெதிரே நிற்பதைக் காண, வரியை அவிழ்த்துக் கட்ட வேண்டியிருக்கிறது. ‘எச்.பி. முறைக்குப் பழகியவன் வேறெதையும் தொடமாட்டான்’ என்று ரசிகர்கள் சொல்லிக்கொள்வது விரல்களைப் பற்றிய உண்மை. கண்களைப் பற்றியது அல்ல. யுனிக்ஸ் இயங்குதளத்தின் வரலாறும் இதைத்தான் சொல்கிறது. பெல் ஆய்வகத்தில் பி.டி.பி-11 கணினி வந்திறங்கியபோது அதில் முதலில் ஓடிய மொழி, தலைகீழ் போலிஷ் முறையில் கணக்குப் போடும் ‘டிசி’ என்ற நிரல். ஆனால் சில ஆண்டுகளிலேயே, குறியை நடுவில் வைத்து எழுதினால் அதை டிசி-க்கு மொழிபெயர்த்துத் தரும் ‘பிசி’ என்ற இன்னொரு நிரலையும் எழுத வேண்டிவந்தது. மனிதர்கள் நடுவில் எழுதட்டும், இயந்திரம் கடைசியில் வாசிக்கட்டும் என்ற அந்த ஏற்பாடு இன்றுவரை தொடர்கிறது. ஜாவா நிரல் எழுதுகிறவர் நடுவில்தான் + போடுகிறார். ஜாவாவின் மெய்நிகர் இயந்திரம் இரண்டு எண்களையும் அடுக்கில் ஏற்றிவிட்டுத்தான் ‘கூட்டு’ என்ற கட்டளையைப் பார்க்கிறது. நடுவில் நிற்பதைக் கடைசிக்கு நகர்த்தக் கணினி அறிவியலாளர் டைக்ஸ்ட்ரா 1961-இல் தந்த வழிமுறையைக் கணினி அறிவியல் மாணவர்கள் இன்றும் தேர்வுக்காகப் படிக்கிறார்கள். அதை எழுதத் தெரிந்த பலருக்கு, எழுதிவந்த விடையை வாசிக்கத் தெரியாது என்பது தனிக் கதை.

ஆகவே இதை வாசிக்கக் கற்பது வீண் வேலையா? அப்படியும் சொல்ல முடியாது. பி.டி.எஃப். கோப்பு ஒன்றின் உள்ளே இருக்கும் பக்க விவரணையைச் சுருக்கம் நீக்கித் திறந்து பார்த்தால் 0 0 100 50 என்று நான்கு எண்கள், பிறகு செவ்வகம் என்று ஒரு குறி, பிறகு நிரப்பு என்று ஒரு குறி என்ற ரீதியில்தான் வரிகள் போகும். 1984-இல் அடோபி வெளியிட்ட போஸ்ட்ஸ்கிரிப்ட் மொழியிலிருந்து வந்த வழக்கம் அது. கணினியில் பக்கம் கட்டி வெளிவரும் சிறுபத்திரிகைகளும் இன்று பெரும்பாலும் இப்படி, எண் முதலில் குறி பிறகு என்ற வரிசையில்தான் அச்சகத்துக்குப் போகின்றன. 1981-இல் வந்த எச்.பி-12சி நிதிக் கால்குலேட்டர் இன்னும் கடையில் கிடைக்கிறது, நிதி ஆய்வாளர்களுக்கான சி.எஃப்.ஏ. தேர்வு அறைக்குள் அனுமதிக்கப்படும் இரண்டு வகைகளில் அதுவும் ஒன்று.

பழகிப் பார்க்கக் கால்குலேட்டர் வாங்க வேண்டியதில்லை. மேக் கணினியிலோ லினக்ஸிலோ டெர்மினலைத் திறந்து ஆங்கிலச் சிற்றெழுத்தில் டிசி என்று தட்டினால் போதும்; சில லினக்ஸ்களில் தனியாக நிறுவிக்கொள்ள வேண்டியிருக்கும். எண்களையும் குறிகளையும் இடைவெளி விட்டு எழுதி, கடைசியில் ‘பி’ என்ற ஆங்கில எழுத்தைச் சேர்த்தால் அடுக்கின் மேலே இருப்பதைக் காட்டும். பெருக்கலுக்கு நட்சத்திரக்குறி, வகுத்தலுக்குச் சாய்கோடு. தொடங்குவதற்கு இது: 2 3 4 × + 5 6 + −. முதலில் தாளில் வாசித்துவிட்டுப் பிறகு தட்டிப் பாருங்கள். 3 வர வேண்டும். வகுக்கும்போது மட்டும் எச்சரிக்கை: 22 7 ÷ என்று கேட்டால் டிசி வெறும் 3 என்றுதான் சொல்லும். முன்னாலேயே 5 எழுதி ‘கே’ என்ற ஆங்கில எழுத்தைச் சேர்த்துவிட்டால் 3.14285 கிடைக்கும். ஐந்து தசம இடம் வேண்டும் என்பதைக்கூட அதனிடம் எண்ணை முதலில் சொல்லித்தான் கேட்க வேண்டும்.